கால் சூடாகத்தான் இருந்தது

அந்தப் பெஞ்சு வேண்டாம், மேலே இருக்கிற ஏசியில் இருந்து தண்ணீர் சொட்டும். இப்படி என் பக்கம் வந்து உட்காருங்கள். காலையில் வந்தவர்தானே நீங்கள்? பைக்கில் இருந்து விழுந்த பையனுக்குத் தாய்மாமன் என்று செக்யூரிட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். காதில் விழுந்தது. இங்கே எல்லாமே காதில் விழும், கேட்கணும் என்று இல்லை.

பையன் காலைத் தொட்டுப் பார்த்தீர்களா? சூடாக இருந்ததா? இருந்தால் அதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பயப்படவும் வேண்டாம், உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கான், கை கால்ல சூடு இருக்கு" என்று ஊருக்குப் போன் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தம்பிக்கும் கால் சூடாகத்தான் இருந்தது.

மலைராசன் என்று பேர். ஆண்கள் வார்டில், கதவுப் பக்கம், மூன்றாவது கட்டில். மைக்செட் வைத்திருக்கிறான். எங்கள் ஊர் சிங்கம்புணரிக்கு அந்தப் பக்கம். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், சாமி கும்பிடு, எதுவானாலும் அவன் செட்டுத்தான் பாடும். நான் ராசமாணிக்கம், மூத்தவன். சிங்கப்பூரில் ஷிப்யார்டில் இருந்தேன். போகும்போது வெல்டர். வரும்போது சேஃப்டி சூப்பர்வைசர். முதலுதவிக்குத் தனியாகப் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, அட்டை கொடுப்பார்கள். நான் மூன்று தடவை புதுப்பித்தவன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒன்றும் தெரியாத ஆள் பதறிப்போய் எதையோ செய்தான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நான் பதறவில்லை. அவன் விழுந்த இடத்தில் பதறாமல் நின்ற ஒரே ஆள் நான்தான்.

போன வருஷம் மொத்தமாக ஊருக்கு வந்தேன். வந்ததில் இருந்து தம்பி என்னை "அண்ணே" என்று கூப்பிட்டதில்லை. "வாங்க சிங்கப்பூராரே", "சாப்பிடுங்க சிங்கப்பூராரே". ஊரே சிரிக்கும். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா இறந்தபோது நான் வரவில்லை. கப்பல் ஒன்று முடிக்கிற நேரம், லீவு இல்லை. போனில் அவனிடம் ஆறுதலாகத்தான் சொன்னேன். "அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன்னுதானடா முறை. கொள்ளி நீதான் வைக்கணும். நான் வந்தாலும் சும்மாத்தான் நிக்கணும். முறைப்படி எதுவும் குறையல"ன்னேன். அதில் என்ன தப்பு? முறை அதுதானே? உங்கள் பக்கமும் அப்படித்தானே? அவன் போனை வைத்துவிட்டான்.

சரி, அதை விடுங்கள்.

ஊருக்கு வரும்போது அவனுக்கு என்று ஒரு பெல்ட் வாங்கி வந்தேன். இடுப்புக்கு மட்டும் இல்லை, தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும். உயரத்தில் வேலை செய்கிறவன் அங்கே அது இல்லாமல் ஏணியில் கால் வைக்க முடியாது. இவன் மரத்திலும் கோபுரத்திலும் சும்மா ஏறுகிறான், ஒரு கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, வாயில் பீடியோடு. "மலைராசா, இதப் போட்டுட்டு ஏறு"ன்னு கொடுத்தேன். வாங்கிப் பார்த்தான். மறுநாள் அவனுடைய குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை அந்தப் பெல்ட்டால் கட்டி வைத்திருந்தான்.

"என்னடா இது?"

"உங்க பெல்ட்டுதான் சிங்கப்பூராரே. ஜெனரேட்டர் ஒரு நாளும் விழாது. சேஃப்டி."

வண்டி ஓட்டுகிற காசிநாதன் கிடந்து சிரித்தான். அப்புறமும் அவன் ஏறும்போதெல்லாம் போய்க் கீழே நிற்பேன். பெல்ட்டு, பெல்ட்டு என்று சொல்வேன். அது என் பழக்கம், தொழில் அப்படி. ஒருநாள், "இது சிங்கப்பூர் இல்லன்னு யாராச்சும் அவருகிட்டச் சொல்லுங்கப்பா, சிங்கம்புணரி" என்று மரத்து மேலிருந்து கத்தினான். அதற்கும் சிரித்தார்கள்.

முளைப்பாரிக்கு முதல் நாள். சுந்தரவல்லி, அவன் வீட்டுக்காரி, பாரிக்கு விரதம் இருந்து பெண்களோடு கோயிலுக்குள் இருந்தாள். இவன் முச்சந்தி வேம்பில் குழாய் கட்ட ஏறினான். தெரியுமில்லையா, பெரிய கூம்பு மாதிரி இருக்குமே, அந்தக் குழாய். இப்போது பாக்ஸ் செட்டு வந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் குழாய் கட்டினால்தான் திருவிழா. அதுவும் உச்சாணியில் கட்ட வேண்டும். பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் அவர்களுடையதை இன்னும் உயரத்தில் கட்டுவார்கள்.

நான் கீழே நின்றேன். வெயில் நல்ல வெயில். அவன் இருந்த கிளை எனக்குச் சரியாகப் படவில்லை. "மலைராசா"ன்னேன். காதில் வாங்கவில்லை. இன்னும் சத்தமாக, "மலைராசா, பெல்ட்டு"ன்னேன். திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

தலைகீழாகத்தான் வந்தான். தோளும் கழுத்தும் முதலில் பட்டது. ரத்தம் இல்லை. நெற்றியில் ஒரு சிராய்ப்பு. கண் திறந்திருந்தது. நான்தான் முதலில் போனேன்.

என்னைப் பார்த்தான். "அண்ணே"ன்னான்.

அவன் அப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, பாருங்கள். "சொல்றா"ன்னேன். "காலைக் காணோம்ணே"ன்னான்.

"இங்கதான்டா இருக்கு"ன்னேன். காலைத் தொட்டேன். நல்ல சூடு. உள்ளங்கால் சிவந்து, காய்ச்சல்காரன் கால் மாதிரி. "சூடா இருக்குடா, ஒண்ணுமில்ல"ன்னேன். அப்புறம் நாடியைப் பிடித்தேன். விழுந்த ஆளுக்கு நாடி ஓடும். பயந்தாலே ஓடும். இவனுக்கு நிதானமாக, தூங்குகிறவனுக்குப் போல. வேர்வை இல்லை. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: அடிபட்டவனுக்குக் கை கால் சில்லிட்டு, வேர்த்து, நாடி தடதடவென்று ஓடினால் அது ஷாக், உள்ளே ரத்தம் போகிறது, உயிருக்கு ஆபத்து. இவனுக்கு அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தலைகீழ். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஷாக் இல்ல. பயப்படாதீங்க."

ஷாக் என்றதும் ஒருத்தன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். மைக்செட்டுக்காரன் இல்லையா.

இருந்தாலும் முறையை விடக் கூடாது என்று, ஆம்ப்ளிஃபயர் பெட்டியை இழுத்துப்போட்டு அவன் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். அப்போதுதான் ஒன்றைப் பார்த்தேன்.

எப்படிச் சொல்வது உங்களிடம்? நீங்களும் ஆம்பளை, சொல்லலாம். வேட்டி விலகியிருந்தது. விழுந்து கிடக்கிறவனுக்கு, அந்த நிலைமையில், உடம்பு அந்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. புரிகிறதா? அவனுக்கே தெரியவில்லை. கூட்டத்தில் பெண்கள் வேறு. பொடிமட்டை விற்கிற சாத்தையா இருக்கிறானே, சாவு வீட்டிலும் வாயை மூட மாட்டான், "யாத்தீ, ஆளு விழுந்தாலும் கொடி இறங்கலைடோய்" என்றான். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். பயத்தில் வருகிற சிரிப்புத்தான். இருந்தாலும் சிரிப்பு சிரிப்புத்தானே.

என் தோளில் இருந்த துண்டை எடுத்தேன். அவன் இடுப்பில் போட்டு, இரண்டு பக்கமும் அடியில் செருகி, இறுக்கிக் கட்டினேன். "எவன்டா சிரிச்சது?"ன்னேன். அடங்கிவிட்டார்கள்.

அன்றைக்கு நான் செய்ததில் எனக்கு இன்றும் நிறைவாக இருக்கிற காரியம் அதுதான்.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். வெளியூரில் இருந்து வந்துகொண்டிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். காத்திருக்கவா என்று யோசித்தேன். காசிநாதன் குட்டியானையைத் திருப்பி நிறுத்திவிட்டான். அக்குளில் இரண்டு பேர், முழங்காலில் இரண்டு பேர். தூக்கி ஏற்றினோம். பின்னால் நான் உட்கார்ந்து அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். திருப்பித் திருப்பி எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். நெற்றியில் கை வைத்திருந்தேன். சின்ன வயதில் அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது தொட்டது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டான். எழுப்பவில்லை. என் மடியில் தூங்குகிறான் என்று நினைத்தேன்.

சுந்தரவல்லிக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். விரதத்தில் இருக்கிற பெண். பதறும்.

தாலுகா ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டியூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். டாக்டர் மெர்லின். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, பேச்சில் தெரியும். என் மகள் வயதுதான் இருக்கும். கட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. பிரஷர் பார்த்தது. மறுபடியும் பார்த்தது. "எழுபதுதான் இருக்கு" என்றது. என்னிடம், "பிரஷருக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகாரா? இதயத்துக்கு?" என்றது. இல்லை என்றேன். ஒரு பாட்டில் ஏற்றியது. பிரஷர் ஏறவில்லை. உயரத்தில் இருந்து விழுந்தவனுக்கு வயிற்றுக்குள் ரத்தம் போகலாம் என்று ஸ்கேன் மிஷினை வயிற்றில் வைத்துப் பார்த்தது. ஒன்றும் இல்லை.

நான் வெளியே வந்து பையன்களைக் கூப்பிட்டேன். எங்கள் ஆட்கள் பைக்கில் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ரத்தம் வேண்டும் என்றால் வரிசையாக நிற்பார்கள், அதில் எங்கள் ஊரைக் குறை சொல்ல முடியாது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் ஆளாக நான் நின்றேன். எனக்கும் அவனுக்கும் ஒரே குரூப். அம்மா குரூப்.

"யாரும் வேண்டாம்" என்றது அந்தப் பிள்ளை.

"பிரஷர் எழுபதுன்னு நீங்களே சொல்றீங்க. ரத்தம் ஏத்தாம என்ன பண்றீங்க?"

"ரத்தம் போயிருந்தா இதயம் ஓடணும் சார். இது மெதுவா நடக்குது. நாடி நாற்பத்தெட்டு. ஏன்னு தெரியணும். விழுந்ததும் பேசினாரா?"

"பேசுனான் டாக்டர்."

"என்ன சொன்னார்?"

"என்னை அண்ணேன்னு கூப்பிட்டான்."

அது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. "வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"காலை அசைச்சாரா?"

"கால் ஆடுச்சு. தூக்கும்போது நான் பாத்தேன்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆடத்தான் செய்தது. பெட்டி மேல் தூக்கி வைத்தபோதும் ஆடியது, வண்டியில் ஏற்றியபோதும் ஆடியது.

அதற்கப்புறம் அது துண்டில் கை வைத்தது. "முழுசாப் பாக்கணும், துணியை எடுங்க" என்றது. நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். தப்பாகப் பிடிக்கவில்லை. "அம்மா, ஆம்பளை டாக்டர் யாரும் இல்லையா?"ன்னேன்.

"இல்ல. எடுங்க சார்."

"ஆம்பளை நர்ஸாச்சும் வரட்டும். அவர் பாக்கட்டும்."

"அவர் கேஸ் ஒண்ணு கூட்டிட்டு வெளியூர் போயிருக்கார். எனக்கு இப்பப் பாக்கணும். நேரமாகுது. நான் டாக்டர், கேட்டீங்களா?"

"நீங்க எம் மக மாதிரி. வேண்டாம்மா. இடுப்புக்குக் கீழ அடி இல்ல, நான் பாத்துட்டேன். மேல என்ன உண்டோ பாருங்க."

எங்கள் ஆட்களும் கதவை அடைத்து நின்றார்கள். சாத்தையாவும் நின்றான், வாயைத் திறக்காமல். எல்லாருக்கும் துண்டுக்கு அடியில் என்ன என்று தெரியும். ஒருத்தனும் சொல்லவில்லை. ஊர் மானம் என்றால் எங்கள் ஊர் ஒன்றாக நிற்கும். அந்தப் பிள்ளை கோபத்தில் இரண்டாவது பாட்டிலை மாட்டியது. எங்கெங்கோ போன் பண்ணியது. போலீசைக் கூப்பிடுவேன் என்றது. மலைராசன் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. கால் மட்டும் அதே சூடு. நான் தொட்டுக்கொண்டேதான் நின்றேன்.

சுந்தரவல்லி யாரோ ஒருத்தன் பைக்கில் வந்து இறங்கினாள். விரதச் சேலை, மஞ்சள் நனைந்தபடி. யாரையும் கேட்கவில்லை. டாக்டரும் நானும் கட்டிலின் இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன வேணும் டாக்டர் உங்களுக்கு?"

"துணியை எடுத்துப் பாக்கணும். இவர் விடமாட்டேங்கார்."

"அத்தான், கையை எடுங்க."

"சுந்தரவல்லி, உனக்குத் தெரியாது, கொஞ்சம் பொறு..."

"எம் புருசன் மானத்தை நான் பாத்துக்கிருறேன். கையை எடுங்கன்னேன்."

அவளே உருவிவிட்டாள். கதவில் நின்ற ஆம்பளைகள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பிக்கொண்டேன். அந்தப் பிள்ளை மட்டும் பார்த்தது. எனக்கு என்ன ஆச்சரியம் என்றால், அது வெட்கப்படவில்லை. "கழுத்து" என்றது. அவ்வளவுதான் சொன்னது. உடனே ஓட ஆரம்பித்துவிட்டது.

தலையை இரண்டு பக்கமும் ஒரு நர்ஸைப் பிடிக்கச் சொல்லி, கழுத்துக்குப் பட்டை போட்டது. பாட்டிலை மெதுவாக்கியது. நாடி ஏற ஓர் ஊசி. அப்புறம் சின்ன மிஷினில் சிரிஞ்சை மாட்டி, சொட்டுச் சொட்டாக இன்னொரு மருந்து. இங்கேயும் முறைப்படி காலுக்கடியில் நான் வைத்திருந்த தலையணையை எடுத்து எறிந்தது. மட்டமாகப் படுக்க வைத்து, கம்பளி போர்த்தச் சொன்னது. சூடாக இருப்பவனுக்கு ஏன் கம்பளி என்று கேட்டேன். "இனி அவர் உடம்புக்குச் சூட்டை வச்சுக்கத் தெரியாது சார், வெளிய விட்டுக்கிட்டே இருக்கும்" என்றது. வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றது. மூச்சு நெஞ்சில் இல்லை, வயிற்றில் மட்டும்தான் என்றது. பிரஷர் தொண்ணூறு வந்தது. உதடு நிறம் திரும்பியது.

அப்போதும் அது எங்களைத் திட்டவில்லை. சுந்தரவல்லியிடம்தான் விளக்கியது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "இவருக்கு ரத்தம் குறையலை அக்கா. மூளை உத்தரவு கழுத்து வழியாத்தான் ரத்தக் குழாய்க்கெல்லாம் இறங்கும். கழுத்துல அடிபட்டதும் உத்தரவு நின்னுபோச்சு. குழாயெல்லாம் தளர்ந்திட்டு. ரத்தம் கீழயே தேங்கிக் கிடக்கு. அதான் கால் சூடு. அதான் இந்த விறைப்பும். இதயத்தை ஓடச் சொல்லவும் ஆள் இல்ல, அதான் நாடி மெதுவு. எத்தனை பாட்டில் ஏத்தினாலும் தளர்ந்த குழாய் நிக்காது. இறுக்கதுக்குத்தான் இந்த மருந்து. இறுகினாத்தான் மேல மூளைக்கும், அடிபட்ட தண்டுவடத்துக்கும் ரத்தம் போகும். அது எவ்வளவு சீக்கிரம் போகுதோ அவ்வளவு நல்லது."

நான் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன். இங்கே வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்கிறேன். பிரஷர் கீழே, நாடியும் கீழே, கை கால் சூடு, வேர்வை இல்லை என்றால் கழுத்தையும் முதுகையும் நினைக்க வேண்டும். முதலில் ஆளை அசைக்கக் கூடாது. எங்கள் பாடத்தில் அதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. சிங்கப்பூருக்கு எழுதிப் போடலாம் என்றுகூட நினைக்கிறேன்.

பிறகு டாக்டர் நிமிர்ந்து கதவுப் பக்கம் கேட்டது. "விழுந்ததும் உண்மையிலேயே வேற ஒண்ணும் சொல்லலையா? யாராவது கேட்டீங்களா?"

காசிநாதன்தான் வாயைத் திறந்தான். வண்டி ஓட்டுகிறவன். "சொன்னாரு டாக்டர். காலைக் காணோம்னு சொன்னாரு. நாங்க எல்லாரும் கேட்டோம்."

சுந்தரவல்லி திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

விழுந்தவன் அரை மயக்கத்தில் ஆயிரம் சொல்வான். காலைக் காணோம் என்றான், கால் அங்கேயே இருந்தது, காட்டினேன். அதை ஒரு சேதியாக டாக்டரிடம் சொல்வார்களா? நீங்கள் சொல்லுங்கள். வேண்டாம், விடுங்கள். நீங்களே வேறு கவலையில் இருக்கிறீர்கள்.

மதுரைக்கு ஆம்புலன்சில் கொண்டுவந்தோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். அவள் பின்னால், அவனோடு. ஐசியூவில் நாள் கணக்கில் அந்த மருந்து ஓடியது. கழுத்தில் ஆபரேஷன் பண்ணித் தகடு வைத்தார்கள். பிழைத்துவிட்டான். அந்தப் பிள்ளை நேரத்துக்கு மருந்து போட்டிருக்காவிட்டால் வழியிலேயே போயிருப்பான் என்று இங்கே பெரிய டாக்டர் சொன்னார். முழங்கையை மடக்குகிறான். விரல் வரவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவளிடம் பேசுகிறான், குரல்தான் சின்னதாகிவிட்டது. மைக்செட்டுக்காரன் குரல், கட்டில் பக்கம் குனிந்தால்தான் கேட்கும்.

அந்தப் பெரிய டாக்டரிடம் சுந்தரவல்லி ஒருநாள் கேட்டாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. "முன்னாடியே தெரிஞ்சு மருந்து போட்டிருந்தா விரலாச்சும் வந்திருக்குமா சார்?" அவர் யோசித்துவிட்டு, "அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார். கேட்டீர்களா? சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய டாக்டரே சொல்ல முடியாது என்கிறார். நான் அவளைப் பார்த்தேன், அவள் காதிலும் விழுந்திருக்கும் இல்லையா? ஆனால் அவள் வேறு எதையோ கேட்ட மாதிரி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊரில் போய் இருங்கள் என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். போகவில்லை. இங்கேயே இருக்கிறேன். மருந்து வாங்கி வருவேன், டீ வாங்கி வருவேன். டீயைக் கதவில் வைத்தால் எடுத்துக்கொள்வாள். உள்ளே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போவேன். போனால் அவன் கண்ணை மூடியிருப்பான். எப்போது போனாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான், மருந்து அப்படி. கட்டிலோரம் நிற்பேன். பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். இப்போது சூடெல்லாம் இறங்கிவிட்டது. அவனுக்குத்தான் தெரியாதே, நான் தொடுவது.

"அண்ணே" என்று மறுபடி ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அதற்குத்தான் இருக்கிறேன். வேறு எதற்கும் இல்லை. மரத்தடியில் கூப்பிட்டான் இல்லையா? கூப்பிட வருகிறது அவனுக்கு. குரலும் இருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் பையனையும் வார்டுக்கு மாற்றினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஓர் ஆளால் முடியாது. தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும், மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி. ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லா நேரமும் கிடைக்க மாட்டார்கள். அதற்குத்தான் கூட ஆம்பளை ஆள் வேண்டும் என்பார்கள். நான் இருக்கிறேன், கப்பலில் தூக்காத பாரமா?

அதோ, கதவைத் திறக்கிறாள் பாருங்கள். சிவப்புச் சேலை. அவள்தான். திருப்பிப் படுக்க வைக்கிற நேரம்தான். வருகிறேன் சுந்தர...

"அண்ணே. உங்களைத்தாண்ணே, நீலச் சட்டை. ஒரு கை பிடிக்கிறீங்களா? எம் வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், உள்ள ஆளு யாரும் இல்ல."

உங்களைத்தான். இல்லை, என்னை இல்லை. நான் வெள்ளைச் சட்டை.

போங்கள். யோசிக்காதீர்கள், ஒன்றும் கஷ்டம் இல்லை. தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. அவள் தலையைப் பிடித்துக்கொள்வாள், அவள் சொல்லும்போது சேர்ந்து திருப்ப வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். பை இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

போங்கள், கூப்பிடுகிறார்கள் இல்லையா?